ஆயுதம் தொடாத கிறிஸ்தவர்கள்: ஆமிஷ், மெனோனைட், குவேக்கர் வகையறா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குதிரை வண்டியில் போகிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை வீடியோவில் பார்த்துவிட்டு, "இவங்க கரன்ட் யூஸ் பண்ண மாட்டாங்களாமே" என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கரன்ட் சின்ன விஷயம். இவர்களும் இவர்களுடைய உறவுச் சபைகளும் நூற்றாண்டுக் கணக்கில் போருக்குப் போக மாட்டோம் என்று மறுத்து, அதற்காக அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய், நாடு விட்டு நாடு ஓடி, சில சமயம் தாங்களே அதில் சறுக்கியும் விழுந்தார்கள். அந்தக் கதைதான் இது.

மொத்தம் எத்தனை பிரிவு? யார் யார்?

உட்பிரிவுகளை எண்ண ஆரம்பித்தால் முடியாது, ஆனால் வேர் மூன்றுதான். முதலாவது, 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் தொடங்கிய அனபாப்டிஸ்ட் இயக்கம் (வயது வந்தபின் மறுபடி ஞானஸ்நானம் எடுப்பவர்கள் என்று அர்த்தம்). மெனோனைட், ஹட்டரைட், ஆமிஷ் மூவரும் அதன் பிள்ளைகள். இரண்டாவது, 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர்கள். மூன்றாவது, 1708இல் ஜெர்மனியின் ஷ்வார்ஸெனாவ் என்ற ஊரில் அலெக்சாண்டர் மாக்கும் சில பேரும் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து வந்த ப்ரெதரன் சபை. 1935இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மெனோனைட், குவேக்கர், ப்ரெதரன் மூன்று தரப்பும் கூடிப் பேசின. அப்போதிலிருந்து இவர்களைச் சேர்த்து 'வரலாற்று அமைதிச் சபைகள்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ரஷ்யாவில் முளைத்த டூகபோர் போன்றவர்கள் இந்த மூன்றிலும் சேராதவர்கள். அவர்கள் கதை கீழே வருகிறது.

எல்லாச் சபையும்தான் சமாதானம், அன்பு என்கிறது. இவர்களிடம் என்ன புதுசு?

கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன் எல்லாரும் 'நியாயமான போர்' என்ற ஒன்றை ஒத்துக்கொள்கிறார்கள். பழைய காலத்து ஆயர் அகுஸ்தீன் நாளிலிருந்து வருகிற சிந்தனை அது: காரணம் நியாயமாக இருந்து, உரிய அதிகாரம் உள்ளவர் அறிவித்தால், கிறிஸ்தவன் போரிடலாம். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டு என்ற மலைப்பிரசங்கம் தனிமனித நடத்தைக்கு, நாட்டுக்கு அல்ல என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சபைகள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. இயேசு சொன்னது சொன்னபடி, இன்றைக்கே, திங்கள்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் செய்யவேண்டியது என்று எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு கொடுத்ததைப் பெரும்பாலான சபைகள் வெற்றியாகக் கொண்டாட, சபை வழிதவறத் தொடங்கிய இடமே அதுதான் என்பது இவர்கள் கணக்கு. மற்ற எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கிறது.

பெரியவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காகவா கொன்றார்கள்?

ஆமாம். நம்ம ஊரில் சிஎஸ்ஐ குடும்பத்துப் பையன் பெந்தெகொஸ்தே சபையில் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் வீட்டில் கொஞ்ச நாள் சண்டை நடக்கும், அவ்வளவுதான். 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அது ராஜத்துரோகம். ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஞானஸ்நானத்தோடு சபைக்கும் ஊருக்கும் ஒரே சமயத்தில் உறுப்பினராகிவிடும். "இல்லை, சபையில் சேருவது வயது வந்தவன் தானாக எடுக்கவேண்டிய முடிவு" என்று சொன்னால், அரசும் சபையும் வேறு வேறு என்றும் சொல்லியாகிவிட்டது.

1525 ஜனவரி 21 அன்று சூரிச்சில் ஒரு வீட்டில் கூடி, கான்ராட் கிரெபெல் என்பவர் ஜார்ஜ் பிளௌரோக்குக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஃபெலிக்ஸ் மான்ஸை இரண்டு வருஷத்துக்குள், 1527 ஜனவரியில், லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்தே கொன்றார்கள். முழுக்குத்தானே கேட்டாய், இந்தா என்ற குரூரம். தீர்ப்புக் கொடுத்தது கத்தோலிக்க விசாரணை மன்றம் இல்லை, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்கு மாறியிருந்த நகர சபை. அடுத்த மாதமே ஷ்லைட்ஹைம் என்ற ஊரில் தப்பியவர்கள் கூடி ஏழு கொள்கைகளை எழுதினார்கள். வாள் எடுக்கக்கூடாது, சத்தியம் செய்யக்கூடாது என்பவை அதில் இரண்டு. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய மிக்கேல் சாட்லர் அதே வருஷம் மே மாதம் எரிக்கப்பட்டார்.

முன்ஸ்டரில் வாளோடு திரிந்தவர்களும் அனபாப்டிஸ்டுகள்தானே?

அதை மறைக்க முடியாது. 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரத்தை ஒரு அனபாப்டிஸ்ட் கூட்டம் கைப்பற்றி, 'புதிய எருசலேம்' என்று அறிவித்து, பலதார மணம், மரண தண்டனை என்று ஆட்டம் போட்டது. 1535இல் நகரம் விழுந்தது. தலைவர்கள் மூவரின் உடலைத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் இன்றைக்கும் அங்கே லாம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் இருக்கின்றன. இந்தக் கூத்தைப் பார்த்து வெறுத்துப்போனவர்களில் ஒருவர் மென்னோ சைமன்ஸ், நெதர்லாந்துப் பகுதியில் கத்தோலிக்கக் குருவாக இருந்தவர். 1536இல் பதவியைத் துறந்து, சிதறிக்கிடந்த அமைதிவழி ஆட்களைத் திரட்டினார். மெனோனைட் என்ற பெயர் அவரிடமிருந்து வந்ததுதான்.

டிர்க் வில்லெம்ஸ் யார்? ஏன் எல்லா மெனோனைட் வீட்டிலும் அந்தப் படம்?

1569, நெதர்லாந்தின் ஆஸ்பெரன். டிர்க் வில்லெம்ஸ் மறுஞானஸ்நானக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர், துணிகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி ஜன்னல் வழியாக இறங்கி ஓடினார். உறைந்த நீர்ப்பரப்பின் மேல் ஓட, சிறைச் சாப்பாட்டில் மெலிந்திருந்த அவரைப் பனிக்கட்டி தாங்கியது, துரத்திவந்த காவலனைத் தாங்கவில்லை. காவலன் உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பிவந்து கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டார்.

காவலனுக்கு அவரை விட்டுவிடத்தான் மனசு. ஆனால் கரையில் நின்ற நகரத் தலைவர், "நீ செய்த சத்தியத்தை நினைத்துப் பார்" என்று சத்தம் போட்டதாக மெனோனைட்களின் தியாகிகள் வரலாறு சொல்கிறது. பிடித்துக் கொண்டுபோய், மே 16 அன்று எரித்தார்கள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்துத் தீயை விலக்கிக்கொண்டே இருந்ததால் சாவு நீண்டது.

அந்த வரலாற்று நூல் 1660இல் வந்தது. 1685 பதிப்பில் யான் லய்க்கன் செதுக்கிய படங்கள் சேர்ந்தன. குனிந்து கை நீட்டும் டிர்க்கின் படம் அதில் ஒன்று. கல்யாணப் பரிசாகக்கூட இந்தக் கனத்த புத்தகத்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. புது மாப்பிள்ளை பெண்ணுக்கு ஆயிரம் பக்கக் கொலைக் கதை! ஆனால் பிள்ளைகளுக்கு வீரன் என்றால் யார் என்று காட்ட இவர்களிடம் இருப்பது இதுதான், வாள் பிடித்த எந்த ராஜாவும் கிடையாது.

சத்தியம் செய்வதில் என்ன தப்பு?

"உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும்" பேசினால் போதும், ஆணையிடவே வேண்டாம் என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறார். கோர்ட்டில் சத்தியம் செய்தால் மட்டும் உண்மை பேசுவேன் என்றால், மற்ற நேரத்தில் பேசுவது என்ன? இது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் காலத்தில் சத்தியம் என்பது பெரும்பாலும் ஆட்சியாளனுக்குக் கொடுக்கும் விசுவாச வாக்கு. அவன் கூப்பிட்டால் ஆயுதத்தோடு வரவேண்டும். டிர்க்கைப் பிடித்த காவலனை மடக்கியதும் அதுதான்.

இங்கிலாந்தில் குவேக்கர்கள் இதற்காகக் கூட்டம் கூட்டமாக ஜெயிலுக்குப் போனார்கள். கடைசியில் 1696இல் அவர்களுக்காகவே, சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொன்னால் போதும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்த மாற்று வழி மெல்ல விரிந்து, அமெரிக்க அரசியலமைப்புக்குள் போய், நம் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையிலும் இருக்கிறது. திராவிட இயக்கத் தலைவர்கள் "உளமார உறுதி கூறுகிறேன்" என்று பதவி ஏற்கிறார்களே, கடவுள் பெயர் சொல்லாத அந்த வாசல், சட்ட வரலாற்றில், அதீத பக்திமான்கள் சிலர் போராடித் திறந்தது.

பொதுவான வழக்கங்கள் என்னென்ன?

சாட்சி சொல்லும் முறை, உடை, பாட்டு, தலைவரைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றிலும் ஒரே குணம் ஓடுகிறது: தன்னைப் பெரிதாக்கிக் காட்டாதே.

கால் கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கக் கோயில்களில் பெரிய வியாழன் அன்று குருவானவர் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆமிஷ், ப்ரெதரன், பல மெனோனைட் சபைகளில் எல்லாரும் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும், ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். போன மாதம் வரப்புத் தகராறு செய்தவன் காலும் அதில் வரும். அதற்கு முன்னால் மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்துவிட்டு வரவேண்டும் என்பது விதி. சமாதானம் ஆகாவிட்டால் ஆமிஷ் ஊரில் திருவிருந்தையே தள்ளிவைத்துவிடுவார்கள். ப்ரெதரன் சபையில் கால் கழுவுதல், சேர்ந்து சாப்பிடுவது, திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் எல்லாம் ஒரே மாலையில் நடக்கும். அன்பு விருந்து என்பது பெயர்.

ஆமிஷ் ஊரில் போதகரைத் தேர்ந்தெடுப்பது நம் உத்திரமேரூர் குடவோலை மாதிரி. சபையார் பெயர் சொல்வார்கள்; குறைந்தபட்ச எண்ணிக்கை கிடைத்தவர்கள் முன்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவார்கள், ஒன்றில் மட்டும் வசனம் எழுதிய சீட்டு இருக்கும். எடுத்தவர் ஆயுளுக்கும் சம்பளமில்லாப் போதகர். சீட்டு விழுந்தவர் சந்தோஷப்பட மாட்டார், அழுவார், அவர் மனைவியும் அழுவார்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தின் மூலப் பகுதி, 1530களின் பிற்பாதியில் பாசாவ் கோட்டைச் சிறையில் கிடந்த அனபாப்டிஸ்டுகள் எழுதியது. 1564இல் அச்சானது, இன்றும் பாடுகிறார்கள். இசைக்கருவி கிடையாது. ஒவ்வொரு ஆராதனையிலும் இரண்டாவதாக வரும் துதிப்பாடல் ஒன்றுக்கே இருபது நிமிஷம் போகும்.

ஆமிஷ் ஆண்கள் கல்யாணத்துக்குப் பிறகு தாடி வைப்பார்கள், மீசை வைக்க மாட்டார்கள். ஐரோப்பாவில் மீசை ராணுவ அதிகாரியின் அடையாளம், அதனால்தான் என்று சொல்வார்கள்.

குவேக்கர்கள் இதில் ஒரு தனி ரகம். ஞானஸ்நானமும் இல்லை, திருவிருந்தும் இல்லை. பழைய முறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளே உந்துதல் வந்தால் எழுந்து பேசுவார். உலகத்திலேயே அதிக குவேக்கர்கள் இருக்கும் கென்யாவில் அப்படி இல்லை. அங்கே போதகர் உண்டு, பாட்டு உண்டு, சத்தமும் உண்டு.

இதெல்லாம் போரோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் பார்வையில் எல்லாமே சம்பந்தம்தான். துப்பாக்கியைக் கையில் திணிக்கிற நாளன்று ஒருவன் புதிதாகத் தைரியத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வரப்புத் தகராறுக்காரன் காலைக் கழுவிப் பழகியவனுக்கு, ஊரே சேர்ந்து மறுக்கும் என்று தெரிந்தவனுக்கு, 'மாட்டேன்' என்ற சொல் கொஞ்சம் லேசாக வரும்.

சரி, போர் வந்தபோது என்ன செய்தார்கள்?

ஓடினார்கள், முதலில் அதுதான். ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் நிலமும் ராணுவ விலக்கும் தருகிறேன் என்றதும் மெனோனைட்கள் 1789இலிருந்து உக்ரைன் பகுதியில் குடியேறினார்கள். 1874இல் ரஷ்யா கட்டாய ராணுவச் சேவை கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறிக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். நின்றவர்களுக்குக் காட்டிலாகா வேலை மாற்றாகக் கிடைத்தது.

டூகபோர்கள் ஓடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார்கள். 1895 கோடையில், காக்கசஸ் பகுதியில், தங்களிடம் இருந்த துப்பாக்கி, வாள் எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்து, சுற்றி நின்று சங்கீதம் பாடினார்கள். கோசாக் குதிரைப்படை வந்து சவுக்கால் அடித்தது. டால்ஸ்டாய் தன் நாவல் ஒன்றின் வருமானத்தை இவர்களுக்காகக் கொடுக்க, குவேக்கர்களும் பணம் போட, 1899இல் சுமார் 7,500 பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் உலகப் போரில் அமெரிக்காவில் மாற்று வழி சரியாக வகுக்கப்படவில்லை. தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த நான்கு ஹட்டரைட் விவசாயிகள், மூவர் ஹோஃபர் சகோதரர்கள், சீருடை போட மறுத்து, அல்கட்ராஸ் தீவுச் சிறையின் நிலவறையில் அடைக்கப்பட்டு, பிறகு லெவன்வொர்த் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். போர் 1918 நவம்பர் 11 முடிந்தது. ஜோசப் ஹோஃபர் நவம்பர் 29 இறந்தார், மிக்கேல் ஹோஃபர் டிசம்பர் 2. மனைவி வந்து பார்த்தபோது, உயிரோடு இருந்தவரை போடாத அந்தச் சீருடையை ஜோசப்பின் பிணத்துக்குப் போட்டிருந்தார்கள். ஹட்டரைட்கள் பெரும்பாலும் கனடாவுக்கு நகர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முன்னால் மூன்று சபைகளும் சேர்ந்து அரசிடம் பேசி, சம்பளமில்லாத பொதுப்பணி முகாம்களை உருவாக்கின. செலவு சபைகளுடையது. ஏறக்குறைய 12,000 பேர் போனார்கள். காட்டுத்தீயை அணைக்க விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்து, அங்கே நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்தார்கள். 36 பேர் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்து உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி அது. கோழை என்று ஏசியவர்களுக்கு அவர்கள் கொடுத்த பதிலாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாரும் எப்போதும் கொள்கையில் நின்றார்களா?

இல்லை. ரஷ்ய உள்நாட்டுப் போரில் அராஜகவாதத் தலைவர் மக்னோவின் படைகள் உக்ரைன் மெனோனைட் ஊர்களைச் சூறையாடியபோது, இளைஞர்கள் துப்பாக்கி எடுத்துத் தற்காப்புப் படை அமைத்தார்கள். காப்பாற்றியதைவிட அது பழிவாங்கலை அதிகமாக வரவழைத்தது என்று பிற்பாடு அவர்களே வருந்தினார்கள். ஹிட்லர் காலத்து ஜெர்மன் மெனோனைட் இளைஞர்கள் ராணுவத்தில் சேர்ந்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டனின் ராணுவ வயது குவேக்கர் ஆண்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு படையில் சேர்ந்தது. டூகபோர்களிலிருந்து பிரிந்த ஒரு சிறு பிரிவு கனடாவில் வீடுகளுக்குத் தீ வைத்து, குண்டும் வைத்தது.

இன்னொரு சங்கடம், இவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'காலி நிலம்' பெரும்பாலும் வேறு யாரையோ விரட்டிக் காலி செய்தது. வாளைத் தொடாதவன் வாளால் பிடித்த நிலத்தில் கோதுமை விதைத்தான். இன்றைய கனடா மெனோனைட்களே இதைப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

திருடன் வந்தால்? போலீஸைக் கூப்பிடுவார்களா?

சபைக்குச் சபை வேறுபடும். பழைய அனபாப்டிஸ்ட் நிலைப்பாடு: அரசின் வாள் உலகத்துக்குத் தேவைதான், ஆனால் அதைப் பிடிக்கிற கை நம்முடையதாக இருக்கக்கூடாது. அதனால் போலீஸ் வேலை, நீதிபதி வேலை கிடையாது, வழக்குப் போடுவதும் கிடையாது. "அடுத்தவன் காவலில் சொகுசாக வாழ்கிறீர்கள்" என்ற குற்றச்சாட்டு இதன் மேல்தான், அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

குவேக்கர்கள் ஒதுங்கவில்லை, ஆண்டே பார்த்தார்கள். 1681இல் வில்லியம் பென் என்ற குவேக்கருக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா குடியேற்றம் கிடைத்தது. எழுபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1756இல் பழங்குடிகள் மீது போர் அறிவிக்கப்பட்டதும் பல குவேக்கர்கள் சட்டமன்றப் பதவியை விட்டு வெளியேறினார்கள்.

2006 பள்ளிக்கூடச் சம்பவத்தில் கொலைகாரனை மன்னித்தது உண்மையா?

உண்மை. அக்டோபர் 2, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ். ஆமிஷ் பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். சில மணி நேரத்துக்குள்ளேயே ஆமிஷ் பெரியவர்கள் அவன் மனைவி வீட்டுக்கும் பெற்றோர் வீட்டுக்கும் போய் ஆறுதல் சொன்னார்கள். பிள்ளையைப் புதைத்த பெற்றோர்களே அவன் அடக்கத்துக்கும் போனார்கள். வந்த நன்கொடையில் அவன் குடும்பத்துக்கும் பங்கு கொடுத்தார்கள்.

இதைக் கேட்டுக் கண்கலங்கலாம், ஆனால் மறுபக்கமும் உண்டு. அதே மன்னிப்புப் பழக்கம், சபைக்குள்ளேயே பாலியல் கொடுமை நடக்கும்போது பாதிக்கப்பட்ட பெண்ணின் வாயை அடைக்கிற கருவியாகிறது. பொலிவியாவில் ஒரு பழமைவாத மெனோனைட் குடியிருப்பில் மயக்க மருந்து தெளித்துப் பல வருஷம் பெண்களையும் சிறுமிகளையும் பலாத்காரம் செய்த ஆண்களுக்கு 2011இல்தான் தண்டனை வந்தது. மெனோனைட்களின் மிகப் புகழ்பெற்ற அமைதி இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதும் சபையே ஒப்புக்கொண்ட விஷயம். போரை எதிர்த்தவன் வீட்டுக்குள் வன்முறை செய்ய மாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

காந்திக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

டால்ஸ்டாய் வழியாக உண்டு. 1894இல் வெளிவந்த அவருடைய அகிம்சை நூல் குவேக்கர்களைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. காந்தி தென்னாப்பிரிக்காவில் அதைப் படித்து ஆடிப்போனார். 1910இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது அங்கே தங்கிய சத்தியாக்கிரகக் குடும்பங்களில் தமிழர்கள் கணிசம். பிற்பாடு மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலப் பெண் 1928இல் சென்னையில் ஆசிரியையாக வந்து, குவேக்கராகி, சேவாகிராமத்தில் பணியாற்றி, கோத்தகிரியிலும் சில காலம் வாழ்ந்தார்.

நம்ம ஊர் பிரதரன் சபை இதுதானா? யெகோவா சாட்சிகள்?

இரண்டும் இல்லை. தமிழ்நாட்டுப் பிரதரன் அசெம்பிளிகள் 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தோன்றிய வேறு இயக்கம். மாக்கின் ப்ரெதரன் இந்தியாவில் வேலை செய்தது குஜராத்தில். மெனோனைட்களைப் பார்க்க வேண்டுமானால் சத்தீஸ்கரின் தம்தரிக்கோ தெலங்கானாவின் மகபூப்நகர் பக்கமோ போகவேண்டும்.

யெகோவா சாட்சிகள் ராணுவத்துக்குப் போக மாட்டார்கள், ஹிட்லர் முகாமில் ஊதா முக்கோண அடையாளத்தோடு செத்தார்கள். ஆனால் அவர்கள் சொல்வது நடுநிலை. கடவுளே நடத்தப்போகும் அர்மகெதோன் போரை எதிர்பார்க்கிறவர்கள்.

ஆமிஷ் ஊருக்குப் போனால் படம் எடுக்கலாமா?

முகத்தை எடுக்காதீர்கள். வயல், வண்டி, கொட்டகை எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், அவர்கள் கடை எதுவும் திறந்திருக்காது. ரோட்டில் வண்டியைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்கவேண்டாம், குதிரை மிரளும். சாமான் வாங்கப் போனால் பேரம் பேசிப் பார்ப்பதும் வீண்தான்.